பின் ரூமுக்குப் போகிற லைன்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். எனக்கு நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் கரண்ட் எங்கே போகும், எங்கே நிற்கும் என்பது என் கைக்குத் தெரியும். இருபது வருஷமாக ஆம்பூரில் இன்வெர்ட்டர், பேட்டரி வேலை பார்க்கிறேன், அதற்கு முன்னால் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் ஓட்டினேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, என் வீட்டுக்காரியிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன், நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, வேலைக்குப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுவேன்.

மாணிக்கம் மேஸ்திரி என்று ஒருவர். நான் டிரம் ஓட்டிய ஷாப்பில் அவர்தான் மேஸ்திரி. ரிட்டையர் ஆனபிறகு ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி சரோஜாம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் கொடுக்கிற மெஷினை வாடகைக்கு எடுத்துப் பின் ரூமில் வைத்திருந்தார்கள். கரண்ட் போனாலும் அது நிற்கக் கூடாது என்று இரண்டு பேட்டரி வைத்து இன்வெர்ட்டர் போட்டு, பின் ரூமுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தது நான்தான். அந்தம்மா போன வருஷம் இறந்துவிட்டார்கள். மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு ரூமைப் பூட்டிவிட்டார்கள்.

இந்த வருஷம் மேஸ்திரிக்கும் அதே வியாதி. அவருக்கு வேறு மெஷின் வந்தது, அதை ஹாலில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கூட இருப்பது மகள் கலா மட்டும். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை, புருஷன் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் கம்மி.

மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்கள் இல்லையா, அப்படி ஒரு நாளில் ஐந்து மணி நேரம் வர வேண்டிய இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டது. கலா வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக எட்டிப் பார்த்து, அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டியிருக்கிறார். அதற்குள் மேஸ்திரிக்கு உதடு நீலமாகிவிட்டதாம். நல்ல வேளையாக அன்றைக்கு இரண்டு மணிக்கே கரண்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் வியாழக்கிழமை ஷட்டவுன் என்று தெரிந்ததும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கலா எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, வியாழக்கிழம இது பாதில நின்னா அப்பா இருக்க மாட்டாரு. சிலிண்டரு ஒண்ணுதான் கீது, அது மூணு மணி நேரத்துக்கு மேல வராது."

போனேன். மேஸ்திரி மூக்கில் டியூபோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாப்பா, உன் பெட்டி எனக்கு முன்னாடி மூச்ச வுட்ரும் போலருக்கே" என்றார்.

நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். பேட்டரியில் தண்ணீர் அளவு சரியாக இருந்தது. ஆசிட் எடுத்துச் சோதித்தேன், ஒவ்வொன்றிலும் ஆறு குழியிலும் ஆசிட் நல்ல வீரியமாக இருந்தது, இரண்டு பேட்டரியும் நன்றாக இருந்தன. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கினேன். மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் ஓடவிட்டேன். மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட்டு, அவ்வளவுதான் ஓடுகிறது, ஆனால் டிஸ்ப்ளேயில் லோடு அதற்கு இரண்டு பங்கு காட்டியது. ஃபேன், லைட்டு இரண்டையும் அணைத்தேன். கொஞ்சம்தான் இறங்கியது.

"மேஸ்திரி, ஒரு நிமிஷம் மெஷின நிறுத்திக்கட்டா?"

"நிறுத்து. டிரம்ல தோலப் போட்டுட்டு பீடி குடிக்கப் போனவன்தானே நீ. இப்பவாவது சீக்கிரம் வந்து சேரு."

கலா சிரித்தாள். நான் மெஷினை அணைத்தேன். இப்போது அந்த வீட்டில் எதுவுமே ஓடவில்லை. அப்படியும் பாதி லோடு அப்படியே நின்றது. அவர் மெஷினை உடனே திரும்பப் போட்டுவிட்டு, ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தேன். பின் ரூமுக்குப் போகிற லைனை எடுத்ததும் அந்த லோடு இறங்கியது. திரும்ப மாட்டினேன், ஏறியது.

கலா பூட்டைத் திறந்துவிட்டு மருந்து கொடுக்கப் போய்விட்டாள். உள்ளே மெத்தை இல்லாத ஒரு இரும்புக் கட்டில், ஒரு துணி மூட்டை, சுவரில் நான் வைத்த பிளக் பாயிண்ட். அதில் ஒன்றும் செருகவில்லை. ஒயரைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டுகிற கிளாம்ப் மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், அதைப் போட்டேன். ஏறியது, இறங்கியது, சில நொடி விட்டுத் திரும்ப ஏறியது. ஆக்சிஜன் மெஷின் அப்படித்தான் இழுக்கும். சரோஜாம்மாவுக்கு மாட்டிக் கொடுத்த அன்றைக்கு இதே ஒயரில் இதே ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

சுவர் ஈரமாக இருந்து லீக் ஆகிறதா என்று பாயிண்டைத் திறந்தேன். உள்ளே காய்ந்து கிடந்தது. இரண்டு ஒயரையும் கழற்றி நான்கு விரல் தள்ளித் தனித்தனியாக மடக்கி டேப் சுற்றினேன். இனிமேல் அந்த ஒயர் எங்கேயும் போகவில்லை, காற்றில் தொங்குகிறது. மீட்டர் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பயம் வந்ததா என்றால் வரவில்லை. தோல் ஷாப்பில் நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் கை வைத்தால் சாயங்காலம் சோற்றின் சூடுகூட விரலுக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு உள்ளே எல்லாமே அப்படித்தான் இருந்தது. கலாவிடம் ஒயரில் லீக் என்று மட்டும் சொன்னேன். ஹாலில் ஏணி போட்டு ஏறி, மேலே ஒயர்கள் பிரிகிற பெட்டியில் அந்த லைனையே வெட்டி, முனையை மடக்கிக் கறுப்பு டேப் சுற்றினேன். லோடு பாதியானது.

கீழே கட்டிலிலிருந்து மேஸ்திரி கேட்டார்.

"பின் ரூமு லைன கட் பண்ணிட்டியா?"

எந்த லைன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமா மேஸ்திரி. அதுலதான் லோடு ஜாஸ்தி இழுக்குது."

"சத்தம் நின்னுச்சு, அதான் கேட்டேன்."

"இன்னா சத்தம்ப்பா?" என்றாள் கலா.

"உங்கம்மா மெஷினு."

கலா என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்தேன்.

"வியாழக்கிழம வரைக்கும் அப்படியே இருக்கட்டும். வெள்ளிக்கிழம வந்து மாட்டிடுப்பா. இல்லாட்டி அவ எப்படி மூச்சு வுடுவா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் சரி என்றேன்.

வியாழக்கிழமை நானும் போய் உட்கார்ந்தேன். ஒன்பதிலிருந்து இரண்டு வரை இன்வெர்ட்டர் ஓடியது. அதற்கு மேல் சிலிண்டர். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை, பின் ரூம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை போனேன். கலா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"மாட்டாதீங்கண்ணா. அடுத்த மாசம் மறுபடி ரெண்டு மணி நேரத்துல நின்னுட்டா நான் இன்னா பண்றது? செத்தவங்களுக்குக் கரண்டு குடுத்துட்டு, உசுரோட இருக்கிறவர வுட்டுடச் சொல்றீங்களா? எனக்கு அவரு வேணும்."

அவள் சொல்வது சரி. உள்ளே மேஸ்திரி, "வந்துட்டானா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவருக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏணி போட்டு ஏறினேன். பெட்டியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு தட்டுத் தட்டி, மூடிவிட்டு இறங்கினேன்.

"மாட்டிட்டேன் மேஸ்திரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தார். கலா ஃபேனைக்கூட நிறுத்தினாள்.

"இல்லப்பா. கேக்கல" என்றார். அப்புறம், "போ, உனக்கு வேலைக்கு நேரமாவுது" என்றார். ஷாப்பில் இந்த மாதிரி ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். அன்றைக்குத் திட்டவே இல்லை.

பத்துப் பதினொரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு இறந்துபோனார். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எந்தக் கோளாறும் இல்லை. மாலை போட்டுவிட்டு ஒரு மூலையில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. காரியம் முடிந்த அன்றைக்குக் கலா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றிண்ணா."

"எதுக்கும்மா?"

"நான் வாணாம்னு சொல்லியும் நீங்க மாட்டிட்டுத்தானே போனீங்க. மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா போறதுக்கு மொத நாளு, ஞாயித்துக்கிழம காலைல அப்பா, வந்துடுச்சு, வந்துடுச்சுன்னாரு. அன்னைக்கு ரெண்டு வேளையும் சாப்ட்டாரு. எத்தினி நாள் ஆச்சு அவரு அப்படிச் சாப்ட்டு." பின் ரூம் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள். "நானும் கேட்டேண்ணா. இவரு மெஷினு சத்தம்தான் செவுத்துல பட்டு வருதுன்னு நெனச்சேன். அவரு போனப்புறம் அவரு மெஷின நானே நிறுத்துனேன். அது பின்னாடி ஓடிக்கினே இருந்துச்சு."

நான் மாட்டவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்வெர்ட்டரைப் பார்க்கிறேன் என்று ஏணி எடுத்து ஏறிப் பெட்டியைத் திறந்தேன். நான் மடக்கிய மடிப்பு, நான் சுற்றிய டேப், அப்படியே இருந்தது. அதன்மேல் தூசிகூட இருந்தது. மூடிவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் கலா கூட இருக்கிற பெண்களிடம், எங்கப்பாவ நிம்மதியா அனுப்புனது இந்த அண்ணன்தான் என்று சொல்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் போன் செய்தாள். அந்த வீட்டில் இப்போது மெஷினே இல்லை, ஹால் மெஷினையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஃபேன், ஒரு லைட்டு, அதற்கு அந்தப் பேட்டரி காலையிலிருந்து சாயங்காலம் வரை தாராளமாக வர வேண்டும். ஒரு மெஷின் ஓடினாலே ஐந்து மணி நேரம் வரும், இரண்டு மெஷின் ஓடினால்தான் இரண்டு மணி நேரத்தில் நிற்கும்.

"அண்ணா, ஷட்டவுன் அன்னைக்கு மறுபடியும் ரெண்டு மணி நேரத்துல நின்னுடுது. அதான் ரெண்டு பேருமே போயிட்டாங்களே, அந்தப் பின் ரூமு லைன இப்ப கட் பண்ணிடலாம், ஒரு நாளு வாங்க" என்றாள்.

வர்றேன்மா என்று சொன்னேன். இன்னும் போகவில்லை.