அண்டர் பதினெட்டு

யாத்திரை பஸ் ஓர் ஊரில் நின்றால் ஜனங்கள் சாமியைத் தேடிப் போவார்கள். குணசுந்தரி பழைய சாமான் கடையைத் தேடிப் போவாள். பங்காருபேட்டையிலிருந்து கிளம்பும் டூர் பஸ்ஸில் அவள்தான் சமையல். ஒரு பஸ் ஜனத்துக்கும் ஒற்றை ஆளாக ஆக்கிப் போட்டு, அண்டா குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மற்றவர்கள் தரிசன வரிசையில் நிற்கும் நேரத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். “பழைய ஃபுட்பால் சாமான் எதுனா கீதா?” என்று கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன போச்சு!

சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரி. கும்பகோணத்தில் பித்தளை விளக்குகளுக்கு அடியிலிருந்து ரெஃப்ரீ விசில் ஒன்றை எடுத்தாள். பாண்டிச்சேரியில் ஓட்டை கிராமபோன் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, அடியில் தோல் குமிழ் வைத்து ஆணி அடித்த அந்தக் காலத்து பூட்ஸை இழுத்தாள். வாய் தைத்த தோல் பந்து, யாரென்றே தெரியாத பதினோரு பேர் கை கட்டி நிற்கிற போட்டோ, எல்லாம் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய அவளுடைய லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. டிவிக்கு மேலே வைக்க இடமில்லாமல் அரிசி டின் மேலும் ஏறிவிட்டன.

எல்லாம் வீட்டுக்காரர் பெருமாளுக்காக. சுரங்கம் ஓடிய நாளில் மனிதர் பூமிக்கு அடியில் பதினெட்டாம் லெவலில் வேலை, அந்த லெவல் டீமுக்கே லெஃப்ட் அவுட். அவர் பந்தோடு கிளம்பினால் எதிர் டீம்காரன் பெஞ்சாதிகூட எழுந்து நின்று பார்ப்பாளாம். இப்போது நெஞ்சில் மைன் தூசி. நாலு வார்த்தை பேசினால் இருமல், இருமினால் மூச்சு நிற்கிற மாதிரி ஆகிவிடும். ஒருநாள் கிரவுண்டில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்படித்தான் ஆயிற்று. ஓடி வந்தவர்கள் முதுகைத் தடவினார்கள், ‘ஐயோ பாவம், எப்படி ஆடின ஆளு’ என்றார்கள். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்புறம் வாசலைத் தாண்டவில்லை. வருஷம் இரண்டாயிற்று.

“கிரவுண்டு கூப்பிடு தூரம். எழுந்து போய்ட்டு வாங்களேன்” என்பாள் குணசுந்தரி.

“இன்னாத்துக்கு? பாவப்பட்டுப் பார்க்கிறதுக்கா?” என்பார்.

திட்டினாள், கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. பந்து வாசனையாவது பட்டால் கால் தானாக எழும் என்றுதான் இந்தச் சாமான் வேட்டை. அவரோ விசிலை வாங்கிப் பார்த்து “ம்” என்பார். பூட்ஸுக்கு இரண்டு “ம்”. மனுஷன் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோவானோ என்று பயந்தாள். ஆனாலும் விட்டாளா? இரும்பு மனுஷி. அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

அந்தத் தடவை காரைக்குடி. பழைய சாமான் தெருவில் ஒரு கடையில், பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே ஒரு தகர டப்பா நிறைய மெடல்கள். கிளறினாள். பந்தை உதைக்கிற காலும், கீழே இங்கிலீஷ் எழுத்தும் போட்ட ஒன்று கையில் அகப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘அண்டர் 18 வின்னர்ஸ்.’

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த ‘அண்டர்’ ஒன்றே ஒன்றுதான். அப்பா அண்டரில் வேலை, அண்ணன் அண்டரில் வேலை, கட்டியவரும் அண்டரில் வேலை. பூமிக்கு அடியில், கேஜ் கூண்டில் இறங்கிப் போகிற அண்டர். அண்டர் பதினெட்டு என்றால் பதினெட்டாம் லெவல். வேறென்ன?

“அது வெள்ளியில்லம்மா, முலாம்தான்” என்றார் கடைக்காரர், நல்ல மனிதர்.

“தங்கமா இருந்தாலும் எனக்கு இதான் வேணும், குடுங்க.”

கொத்தமல்லிக்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள், கேட்டதைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். பஸ்ஸில் டிரைவர் மஞ்சுநாத் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும், “ஏனக்கா, நம்மூர் மைன் மெடல் காரைக்குடிக்கு எப்படி வரும்?” என்றான்.

“ஏன்டா, நம்மூர் தங்கம் லண்டன் வரைக்கும் போச்சு. ஒரு மெடல் காரைக்குடிக்கு வராதா?”

மஞ்சுநாத் ஹாரனை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். 

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெருமாளின் உள்ளங்கையில் அதை வைத்தாள். “பாருங்க. உங்க லெவலு. அண்டர் பதினெட்டு.” பஸ்ஸில் மஞ்சுநாத்துக்குக் கொடுத்த பதிலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்கியது. மூச்சு முட்டுகிறது என்று பதறிப்போய் மருந்து பம்பை எடுக்க ஓடினாள். திரும்பி வந்தால், மனுஷன் சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வழிய, தொடையைத் தட்டித் தட்டி.

“அடியே… இது… பதினெட்டு வயசுக்குக் கம்மியான பசங்களுக்குக் குடுக்கிற மெடலுடி! அண்டர் பதினெட்டாம்… லெவலாம்…”

குணசுந்தரிக்கு முகம் செத்துவிட்டது. “நான் ஊர் ஊரா நாய் மாதிரி அலைஞ்சு எடுத்துக்கினு வரேன், உங்களுக்கு இளிப்பா? போங்க!” என்று அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினாள். அழுகையும் வந்தது. ஆசை ஆசையாய் வாங்கியதாயிற்றே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

 தெருவைப் பார்த்தாள், குழாயடியைப் பார்த்தாள், கிரவுண்டுக்கு ஓடினாள். அங்கே கல் படிக்கட்டில் பழைய ஆட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் பெருமாள். சட்டையில் அந்த மெடல்.

“…லண்டன் வரைக்கும் போச்சாம், காரைக்குடிக்கு வராதான்னு…” என்று சொல்லும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்துவிட்டார். குணசுந்தரி படிக்கட்டடியிலேயே நின்றுவிட்டாள். யாராவது முதுகைத் தடவி ‘ஐயோ பாவம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டார்.

ஒருவரும் தடவவில்லை. கோல்கீப்பராக இருந்த கிளாரன்ஸ் மட்டும் பொறுக்கமாட்டாமல் காலால் தரையைத் தட்டினார். “டேய் பெருமாளு, சீக்கிரம் இருமி முடிடா! அப்பால உன் பெஞ்சாதி இன்னா சொல்லுச்சு?”

மற்றவர்களும் வாயெல்லாம் சிரிப்பாக, அவருக்கு மூச்சு திரும்பட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள்.