டிஸா பூத்த மாலை

வெண்டலுக்கு டிஸா ஆற்று மீனைத் தவிர வேறு பிழைப்புத் தெரியாது. முதுகு கூனிய பிறகும் விடிந்தால் படகில்தான் இருப்பார். அந்தப் பிப்ரவரியில், மேலே எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து சயனைடு ஆற்றில் கலந்தது. பனிக்கட்டிக்கு அடியில் செத்து மிதந்த மீன்களை வாரிக் கரையில் குவித்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு கெளுத்தி அவர் உயரம் இருந்தது.

மனைவி எடெல்கா மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். "படகை வித்துட்டுக் கெளம்புவோம். செத்த ஆத்துக்குக் காவல் இருக்கப் போறீங்களா?"

"ஜூன்ல டிஸா பூக்குதான்னு பாப்போம். பூத்தா இங்கதான். இல்லேன்னா நானே படகை வித்துடுறேன்."

"பூச்சியக் கேட்டுக் குடும்பம் நடத்துற ஆளு! கட்டிக்கும்போதே எங்கப்பா சொன்னாரு, இவன் தலைக்குள்ள சேறுதான்னு."

"அந்தச் சேத்துக்குள்ளதான்டி அதுங்க இருக்கு."

உண்மைதான். ஈசலைவிடப் பெரிய அந்தப் பூச்சிகள் புழுவாகக் கரைக் களிமண்ணைத் துளைத்து மூன்று வருடம் உள்ளேயே கிடக்கும். பிறகு ஒரே மாலையில் லட்சக்கணக்கில் எழுந்து, கூடி, முட்டையிட்டுச் சாகும். அதைத்தான் ஊர் 'பூப்பது' என்கிறது.

ஜூனில் ஊரே கரையில் கூடியது. சாயங்காலம் முதல் பூச்சி எழுந்தது; கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தெரியவில்லை. கைதட்டல் எழுந்தது, சாராயப் புட்டி கை மாறியது. மதுக்கடைக்கார அம்ப்ருஷ் கத்தினான்: "வெண்டல் மாமா, ஜெயிச்சிட்டீங்க! எடெல்கா அத்த, மூட்டையப் பிரிங்க!"

எடெல்கா சிரித்துவிட்டாள். "சரி, தொலையுது. இருந்துட்டுப் போவோம்."

வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் காதைத் திருப்பினார். பூக்கும் மாலையில் ஆறு கொதிக்கும். கெண்டையும் கெளுத்தியும் வாய் பிளந்து பாயும் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காது. இப்போது இறக்கைகள் தண்ணீரை உரசும் சரசரப்பு மட்டும்தான். ஒரு துள்ளல் இல்லை. மண்ணுக்குள் கிடந்தவை பிழைத்துக்கொண்டன. தண்ணீரில் இருந்தவற்றை அவரே வாரிப் போட்டிருந்தார்.

"என்னங்க, ஊமையாட்டம் நிக்கிறீங்க?"

"திங்க ஆளில்லடி."

அவளும் காது கொடுத்தாள். சிரிப்பு நின்றது.

வெண்டல் அம்ப்ருஷிடம் போனார். "படகு வேணும்னியே, எடுத்துக்க. பூ பாக்க வர்றவங்கள ஏத்திக்கிட்டுச் சுத்த ஆகும்."

"இருந்துட்டுப் போவோம்னு நான்தான் சொல்லிட்டேனே!" எடெல்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கரை ஏறினார்.