சர்க்கரை போடாத காபி

என் தங்கைக்கும் எனக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். அதனால் சின்ன வயதிலிருந்தே அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, தன்னோடு வேலை செய்கிற ஒருத்தியை அவள் 'அக்கா' என்று கூப்பிடுவதைக் கேட்கும்வரை.

தங்கை விமானப் பணிப்பெண். நான் பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறேன். இரண்டு பேரும் படித்தது ஒரே பள்ளிக்கூடம். ஒன்பதாவதில் கணக்குப் பரீட்சை அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வலித்தது வயிறா, பயமா என்று இன்றைக்கும் தெரியாது. அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அவள் போனாள். என்னை யாரும் நிறுத்தவில்லை. குற்றம் சொல்ல ஆள் கிடைத்திருந்தால் இவ்வளவு பொறாமை வந்திருக்காதோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவை ஸ்ரீராம்புரம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாள். நான் பிரியாணி செய்திருந்தேன். இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பயணிகளைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேச்சில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. சீட்டு நம்பரும், கேட்டு வாங்கிய தீனியும்தான் பெயர்.

"அந்த ட்வெல்வ் சி தக்காளி ஜூஸ் ஞாபகம் இருக்காக்கா?"

"மறப்பனா? மிளகுத்தூள் கேட்டாரு, உப்பு கேட்டாரு, எல்லாம் போட்டு ஒரு வாய் குடிச்சிட்டு, 'ரசம் மாதிரி இருக்கேம்மா'ன்னாரு."

"நயன் ஏ கப் நூடுல்ஸ்?"

"ஐயோ, அத ஏன்டி கேக்கற! அவ ஒருத்தி வாங்கினா, வாசனைக்குப் பின்னாடி பத்து ரோவும் கேட்டுச்சு. வெந்நீர் தூக்கியே கை போச்சு."

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அந்த அக்கா அவள் தலையில் தட்டினாள். தண்ணீர் எடுத்து நீட்டியவள் நான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம். என்னிடம் பேச வந்தால் 'கேஸ் புக் பண்ணியா', 'எதுக்கு இப்படி பயந்து சாவற', அவ்வளவுதான்.

ஒரே ஒருத்தியைப் பற்றித்தான் மரியாதையாகப் பேசினார்கள். ஒன் ஏ. பாலும் சர்க்கரையும் இல்லாமல் பிளாக் காபி வாங்கி, ஜன்னலைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்தாளாம். "அது கிளாஸ்," என்றாள் அந்த அக்கா. நான் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மும்பையில் சித்தி மகளுக்குக் கல்யாணம். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய குடும்பச் சலுகையில் எனக்கு டிக்கெட் போட்டாள், அவளும் அந்த அக்காவும் வேலை பார்க்கிற அதே விமானத்தில். அதுதான் எனக்கு முதல் விமானம். கீழே விழுந்துவிடுமோ என்ற பயம்கூட இரண்டாவதுதான். எதைக் கேட்டு எந்த நம்பராகப் போகிறேன் என்பதே முதல் பயம். தண்ணீர் மட்டும் கேட்டால் கஞ்சம் என்பார்கள். நூடுல்ஸ் கேட்டால் எரிச்சல். டப்பாவில் புளிசாதம் கொண்டுபோனால் நாலு ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மிஷின் முன்னால் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன்: பிளாக் காபி, நோ சுகர்.

கடைசி வரிசையில் ஜன்னலோர சீட்டு. எனக்குப் பின்னால் ஒரு திரை, அதற்கு அந்தப் பக்கம் அவர்கள் நிற்கும் இடம். பக்கத்து சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். நான் பெல்ட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "பயபடபேடிம்மா" என்று, பயப்படாதே என்பதைக் கன்னடத்தில் சொல்லி, எப்படி மாட்டுவதென்று தன் பெல்ட்டில் செய்து காட்டினார். விமானம் மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், வாந்திக் கவரைப் பிரித்து எனக்காகத் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்கு முன்பாதி. அவள் கொண்டை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பின்பாதிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அந்த அக்கா.

"என்ன சாப்பிடறீங்க மேடம்?"

என் பிரியாணியை இரண்டு தடவை போட்டுக்கொண்டவள், மேடம் என்கிறாள்.

"பிளாக் காபி. நோ சுகர்."

புருவத்தைத் தூக்கினாள். "ஷ்யூரா?"

"ம்."

பக்கத்து சீட்டுக்காரர் வெந்நீர் மட்டும் வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, பல்லால் முடிச்சை அவிழ்த்து, ராகி மாவைக் கொட்டி, பேனாவின் பின்பக்கத்தால் கலக்கினார். சிந்திய மாவை விரலால் தொட்டு நக்கிக்கொண்டார். நான் என் கஷாயத்தைக் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கை எதையோ எடுக்கப் பின்னால் வந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"உங்க ஆளு பிளாக் காபி குடிக்கறாங்கடி."

"யாரு, அவளா? சும்மா சொல்லாதீங்கக்கா."

"சத்தியமா. ஒவ்வொரு வாய்க்கும் மூஞ்சி எப்டி போவுது தெரியுமா? இப்டி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு தங்கை சொன்னாள்: "பாவம்க்கா, அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் 'பாவம்' பொறுக்கவில்லை. என்னை ஒரு பாவமாக எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டாளே.

அந்த அக்கா குப்பைப் பையோடு முன்னால் போனதும் எழுந்தேன். அவர் எழுந்து வழிவிட்டார். திரையை விலக்கினால் தங்கை தனியாக நின்றிருந்தாள்.

"என்ன, வாந்தி வருதா?"

"இல்ல. ட்வென்டி எய்ட் பி ராகி பாத்தியா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் நடித்துக் காட்டினேன். பல்லால் முடிச்சு, பேனா, விரல் நக்கல், ஒன்றையும் விடவில்லை. "உள்ள இங்க் எறங்கியிருக்கும். மும்பைல போய் வாயத் தொறந்தா பேச்சு வராது, கையெழுத்துதான் வரும்."

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு. அந்த அக்கா திரும்பி வந்து, "என்னடி அது, எனக்கும் சொல்லேன்," என்றாள்.

"உங்களுக்குப் புரியாதுக்கா. இது எங்க வீட்டு ஜோக்."

அந்த அக்காவின் முகம் சுருங்கியதை நான் கண் நிறையப் பார்த்தேன்.

சீட்டுக்குத் திரும்பியபோது அவர் மறுபடியும் எழுந்து வழிவிட்டார். பேனா துடைக்கப்பட்டுப் பைக்குள் போயிருந்தது. கோப்பையில் பாதி ராகி அப்படியே இருந்தது. மேலே காகிதத்தைப் போட்டு மூடியிருந்தார். ஆறிப்போயிருக்கும், அதனால்தான் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரை வழியாக எனக்குக் கேட்ட மாதிரியே நான் பேசியது அவருக்கும் கேட்டிருக்கும், ஆனால் கன்னடக்காரர்தானே, புரிந்திருக்காது என்றும் நினைத்துக்கொண்டேன். மீதி வழியெல்லாம் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் நின்றதும் மேலேயிருந்து என் பையை இறக்கிக் கொடுத்தார்.

"ஜிப்பு தொறந்திருக்கு, பாத்துக்கம்மா," என்றார். நம்ம வீட்டுத் தமிழ்.

வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. அவர் கூட்டத்தோடு முன்னால் நகர்ந்தார். ஜிப்பை மூடுகிற சாக்கில் நான் அங்கேயே நின்றேன். அவர் இறங்கிப் போயிருப்பார் என்று நிச்சயமான பிறகுதான் நடந்தேன்.

முன்கதவருகே தங்கை கைகூப்பி நின்றாள். எனக்குப் பின்னாலேயே நடந்து வந்த அந்த அக்காவும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தங்கை என் காதருகே குனிந்தாள்.

"ராகி எறங்கிட்டாரா?"

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அவர் தமிழர் என்றோ, எல்லாம் கேட்டுவிட்டார் என்றோ. அந்த அக்கா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எறங்கிட்டாரு," என்றேன். தங்கை சிரிக்க, நானும் அவளைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.