கண்ணாடிக்கு உள்ளே அக்கா

போன சித்திரையில் நடந்தது இது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் பாளையம்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நான், என் மனைவி, என் அக்கா மூவரும் காரில் திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குப் போயிருந்தோம்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் கார் கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தேன். கறுப்பு ஒட்டத்தான் ஆசை, போலீஸ் பிடிக்கும் என்று நிறமே இல்லாத வகை வாங்கினேன். ஒட்டியிருப்பதே தெரியாது. நண்பன் ஒருவன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஏலே, ஃபிலிமு எங்கலே? ஒன்னைய நல்லா ஏமாத்திட்டாய்ங்க" என்று சிரித்தான். எனக்கு வந்ததே ரோஷம்! அவனை உள்ளே உட்கார வைத்து, உச்சி வெயிலில் மல்லாங்கிணறு வரை ஓட்டி, "கை சுடுதா? சொல்லு, சுடுதா?" என்று கேட்டு ஒத்துக்கொள்ள வைத்த பிறகுதான் விட்டேன். ஒட்டிக் கொடுத்த கடைக்காரர் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். "அண்ணாச்சி, வண்டி ஓடுறப்பதான் சுகம். வெயில்ல நிறுத்திப் போட்டா உள்ள சூடு ஏறத்தான் செய்யும், பாத்துக்கங்க." பெருமையில் இருந்தவன் காதில் அது எங்கே ஏறியது!

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருச்சுழிப் பக்கம்தான் என்பதால், எந்தச் சொந்தம் எந்தத் தெருவில் என்பது அவளுக்கு அத்துப்படி. வழி காட்ட அவள் வேண்டும். ஆனால் வீட்டு வாசல் வந்ததும் இறங்க மாட்டாள். "நல்ல காரியத்துக்குப் போறீக, நான் எதுக்கு முன்னாடி வந்து நின்னுக்கிட்டு? போயிட்டு வாங்க, இங்கனயே இருக்கேன்" என்பாள். முதல் வீட்டில் என் மனைவியாவது, "வாங்க மதினி" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் அதுவும் செய்யவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அவள் வராதது எனக்கு வசதியாகவே இருந்தது. தாலி இழந்தவள் பத்திரிகை கொண்டுவந்தாள் என்று யாராவது முகம் சுளித்தால் என்ன செய்வது என்ற பயம்.

முதல் மூன்று வீட்டிலும் வேப்பமர நிழல் கிடைத்தது, வேலையும் சட்டென்று முடிந்தது. நாலாவது வீடு வரும்போது மணி பன்னிரண்டரை. சுற்றிலும் பொட்டல், ஒரு கருவேல மரம்கூடக் கிடையாது. "அக்கா, ஃபிலிம் ஒட்டியிருக்குல்ல, உள்ள வெயிலே தெரியாது. அஞ்சே நிமிஷம்" என்று சொல்லி வண்டியை அணைத்தேன். இறங்கியதும் பழக்கதோஷத்தில் ரிமோட்டை அழுத்திப் பூட்டினேன். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் போட்ட பூட்டு பின் கதவுகளில் அப்படியே கிடந்தது. உள்ளிருந்து திறக்க முடியாது என்பது என் புத்தியிலேயே இல்லை.

அது என் பெரியப்பா மகன் வீடு. பத்திரிகைத் தட்டை வாங்கிய அண்ணன், பத்திரிகையைப் பிரித்துப் பெயர் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். "என் பேரு மூணாவதா? எனக்கு எளையவன் பேரு மேல நிக்குது?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அச்சடித்தவர் தவறு என்றேன், அவர் விடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், மனைவி சமாதானம் சொன்னாள், குடிக்கக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது.

திடீரென்று கார் அலற ஆரம்பித்தது. ஓடிவந்து பார்த்தால், யாரோ ஒரு பெண் தண்ணீர்க்குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, கல்லால் பின் கண்ணாடியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி நொறுங்கியும் விழவில்லை. என் ஃபிலிம் அதைப் பிடித்து வைத்திருந்தது. அப்போது என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏம்மா, கண்ணாடிய ஏம்மா ஒடைக்கிற?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணாடி கெடக்குது, கதவத் தொறங்கய்யா! உள்ள ஆளு சாஞ்சு கெடக்கு!"

ரிமோட்டை அழுத்திக் கதவைத் திறந்தேன். அக்கா சீட்டில் சரிந்து கிடந்தாள். முகம் சிவந்து, கண் செருகிப் போயிருந்தது. ஐயோ, என் உயிரே என்னிடம் இல்லை. வீட்டு நிழலுக்குத் தூக்கிப்போனோம். அந்தப் பெண் குடத்துத் தண்ணீரை அக்காவின் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றி, தன் முந்தானையை நனைத்துத் துடைத்தாள். விசிறச் சொல்லி என் மனைவியை அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் அக்கா முனகினாள். அதன் பிறகுதான் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தண்ணி எடுத்துட்டு வாரேன், கண்ணாடி வழியாத் தெரியுது. தட்டுறேன், அசையக் காணோம். ஏன்யா, வீட்டுக்குள்ள போனவுக இவுகள மட்டும் எதுக்குக் கார்ல வச்சுட்டுப் போனீக?"

 எனக்குப் பதில் தெரியும், வாயால் சொல்லக் கூசியது. அவள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி தண்ணீருக்கே போய்விட்டாள்.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "கையிலதான போனு இருந்துச்சு, ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"தட்டு குடுக்குற நேரத்துல நான் கூப்பிட்டு, அது ஒரு சகுனமாயிருமோன்னு இருந்துட்டேன்டா தம்பி."

ஐம்பது வயதில் வராந்தாவில் நின்று ஓவென்று அழுதேன்.

நாலு நாள் கழித்து மிச்ச வீடுகளுக்குக் கிளம்பினோம். தட்டை அக்கா கையில் கொடுத்தேன். மாட்டவே மாட்டேன் என்றாள். "நீ இறங்கலைன்னா நானும் இறங்கல. பத்திரிகை கார்லயே கெடக்கட்டும்" என்று நானும் அடம்பிடித்தேன். ஒரு வீட்டில் தட்டை வாங்க நீண்ட கை சற்றுத் தயங்கியது. அக்கா பார்த்தாள், நானும் பார்த்தேன். நகராமல் நின்றோம், வாங்கிக்கொண்டார்கள்.

உடைந்த கண்ணாடியை மாற்றி, அதே ஃபிலிமைத்தான் திரும்ப ஒட்டினேன். நான் முதலில் ஆசைப்பட்ட கறுப்பு ஃபிலிமாக இருந்திருந்தால் அந்தப் பெண் பேசாமல் கடந்து போயிருப்பாள், எனக்கு அக்கா இருந்திருக்க மாட்டாள். ரோட்டில் போன ஒருத்திக்கு ஒரே பார்வையில் பட்டது, ஒரு வயிற்றில் பிறந்த எனக்கு ஒரு வருடமாகப் படவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு சுடுகிறது. அதனால்தான் எந்த வீட்டு வாசலிலும் அக்கா இறங்கி எனக்கு முன்னால் நடந்த பிறகே காரைப் பூட்டுகிறேன்.