நல்ல நாளுக்கு வைத்த சப்பாத்து

ஒரு சோடி சப்பாத்தை ஏழெட்டு வருடம் அலுமாரிக்குள் பூட்டி வைத்து, அதைப் போடுவதற்குத் தகுந்த நாள் வரும் என்று காத்திருந்த மனிதன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலணையில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அது கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பியது. அவள் அங்கே மரதன் ஓடுகிறவள். ஊரில் இருந்த காலத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள், பனி நாட்டில் போய் ஏன் ஓடுகிறாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒரு குடும்பத்தின் பயணப் பெட்டியில் சப்பாத்து வந்து சேர்ந்தது. நீல நிறம், பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் கோடு, கீழே இலவம் பஞ்சு போல வெள்ளையாகத் தடித்த அடி. முகர்ந்து பார்த்தேன். வெளிநாட்டு மணம். எங்கள் தீவில் எந்த வீட்டு அலுமாரியின் மேல்தட்டைத் திறந்தாலும் இந்த மணம்தான் வரும். உறை பிரிக்காத சவர்க்காரம், மூடி திறக்காத சென்ட் போத்தல், மடிப்புக் கலையாத துவாய் எல்லாம் அங்கே நல்ல நாளுக்காகக் காத்திருக்கும். நல்ல நாள் வந்தாலும், இதைவிட நல்ல நாள் ஒன்று வரக்கூடும் என்று எடுத்ததைத் திருப்பி வைத்துவிடுவோம்.

கோயிலுக்குப் போட்டுப் போனால் வாசலில் கழற்ற வேண்டும். கும்பிட்டு முடிப்பதற்குள் அது வேறொருவர் காலில் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். கலியாண வீட்டுக்கு வேட்டியோடு ஒத்துவராது. வேலை செய்யும் கந்தோருக்குப் போட்டால் இவனுக்கு மேல்வரும்படி ஏதோ இருக்கிறது என்பார்கள். ஆகவே சப்பாத்து ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூச்சி உருண்டையைப் போட்டு, பெட்டியை மூடி மேல்தட்டில் வைத்தேன்.

ஏழெட்டு வருடம் போன பிறகு எனக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்தது. என் மனைவி குற்றவாளியை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். மாம்பழமும் அல்ல, நான் இரவில் களவாகத் தின்ற தொதலும் அல்ல. என் புத்தகங்கள். அவை ஓர் அறையை முழுதாகப் பிடித்து, விறாந்தையிலும் பாதியை எடுத்துக்கொண்டு, சமைக்கிற குசினியின் வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

"உதுகள் உங்களைக் கதிரையை விட்டு எழும்ப விடுகுதுகளோ?" என்றாள்.

அந்த வாரம் எங்கள் விளையாட்டுக் கழகம் ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் அரை மரதன் ஒன்று நடத்தப்போவதாக அறிவித்திருந்தது. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே, அதை நான் ஓடி முடிப்பேன் என்று சொன்னேன். கதிரையில் கிடப்பவனுக்கு எந்தத் தூரமும் பெரிதாகத் தெரிவதில்லை.

"சரி, ஓடி முடிச்சா புத்தகம் எல்லாம் இருக்கட்டும்," என்றாள் மனைவி. "இடையில நிண்டியளெண்டா அரைவாசி லைபிறறிக்கு."

"எந்த அரைவாசி?"

"நான் எடுக்கிற அரைவாசி."

அவள் தடிப்பைப் பார்த்துத்தான் எடுப்பாள். என் வாழ்க்கையின் நல்ல பகுதி எல்லாம் தடித்த புத்தகங்களுக்குள்தான் இருந்தது.

ஓடத் தொடங்குவதற்கு முன், எதையும் செய்வதற்கு முன் செய்வதைப் போலவே, அதைப் பற்றி வாசித்தேன். சப்பாத்துத் தெரிவு என்பது மாப்பிள்ளை பார்ப்பதைவிடச் சிக்கலான காரியம் என்று அறிந்தேன். பாதம் பகலெல்லாம் வீங்குவதால் பின்னேரத்தில்தான் வாங்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். பாதத்துக்கு வளைவு உண்டா என்று பார்க்க, காலை நனைத்து நிலத்தில் மிதித்துத் தடத்தைப் படிக்க வேண்டும். மிதித்தேன். பலாப்பழத்தைப் பிளந்து கவிழ்த்தது போல ஒரு தடம் விழுந்தது. வளைவு மருந்துக்கும் இல்லை.

"என்ன செய்யிறியள்?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

"பாதத்தின்ர வளைவைப் பாக்கிறன்."

"நான் இப்பதான் நிலம் துடைச்சனான். உந்த வளைவையும் நீங்களே துடைச்சு விடுங்கோ."

யாழ்ப்பாணத்துக் கடையில் மரதனுக்குச் சப்பாத்து வேண்டும் என்றேன். கடைக்காரர் என் வயிற்றை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "மகனுக்கோ?" என்றார்.

"எனக்கு."

"நடக்கிறதுக்கு எண்டு சொல்லுங்கோவன் ஐயா," என்று ஆறுதல்பட்டார்.

தட்டையான பாதத்துக்குத் தாங்கு கொடுக்கிற, சேற்று நிறச் சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டார். புத்தகத்தில் சொன்னபடி கடைக்குள்ளேயே ஓடிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பைகள் மூன்று விழுந்தன. சப்பாத்து காலோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பார்க்க அழகில்லை. அதனால் எனக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். இது பயிற்சிக்கு. அலுமாரியில் இருப்பது பந்தயத்துக்கு. தோட்டத்துக்குக் கட்டுகிற சாரத்தோடு யாராவது தேர்த் திருவிழாவுக்குப் போவார்களா?

பயிற்சிக்குத் துணை கிடைத்தவர் ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தேவாலயத்தின் ஃபாதர். என்னைவிட இளையவர், விடிய முன் பூசையை முடித்துவிட்டு ஓடுகிறவர். நான் சைவம் என்பதால் என் பாவங்களைக் கேட்கவேண்டிய அவசியம் அவருக்கும் இல்லை, சொல்லவேண்டிய அவசியம் எனக்கும் இல்லை. மூச்சு வாங்கும்போது அது ஒரு வசதி. சாட்டிக் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்புவோம். சில நாட்களில் புங்குடுதீவுப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிராக ஓடுவோம். அங்கே நான் ஓடினேன் என்பதைவிடக் காற்று என்னை நிற்க வைத்தது என்பதே சரி. சேற்று நிறச் சப்பாத்து மட்டும் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை.

ஒரு நாள் என் தீர்மானத்தை ஃபாதரிடம் சொன்னேன்.

"புதுச் சப்பாத்தோட பந்தயத்துக்குப் போகக்கூடாது அண்ணை. காலுக்குப் பழகின சப்பாத்துத்தான் நல்ல சப்பாத்து."

"அது புதுசில்லை ஃபாதர். ஏழெட்டு வருசமா வீட்டில கிடக்குது."

"ஒருக்காலும் போடேல்லையோ?"

"பெட்டியைத் திறந்து பாத்தனான்."

ஃபாதர் வேகத்தைக் கூட்டினார். பொறுமை அவருடைய தொழில். ஆனாலும் அதற்கும் ஒரு எல்லை இருக்கும்தானே.

பந்தய நாள் விடியற்காலையில் காலுறையாகப் புது மேஸ் போட்டு, நீலச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஊர்காவற்றுறையில் போய் நின்றேன். காலுக்குக் கச்சிதம். பூச்சி உருண்டை மணத்தில் பக்கத்தில் நின்றவர் இரண்டு முறை தும்மினார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். ஏழெட்டு வருடம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு வேலணை தாண்டும் வரை இருந்தது.

மண்கும்பானை நெருங்கும்போது பின்னால் வந்தவர் கூப்பிட்டார். "அண்ணை, உங்களிட்ட இருந்து ஏதோ கொட்டுப்படுது."

திரும்பிப் பார்த்தேன். றோட்டில் நான் வந்த வழியெல்லாம் வெள்ளைத் துகள். சப்பாத்தின் அடி பிட்டுப் போல உதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வெக்கையும் உப்புக் காற்றும் அலுமாரிப் பூட்டுக்குப் பயப்படுவதில்லை. போடாமல் வைத்தால் பழுதாகாது என்பது நகைக்குச் சரி. சப்பாத்து அப்படியல்ல என்று நான் வாசித்த எதிலும் எழுதியிருக்கவில்லை. சப்பாத்தை வாங்கிப் பூட்டி வைக்கும் ஒரு சனம் இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கொஞ்ச நேரத்தில் வலது அடி பாதி கழன்று, ஒவ்வொரு எட்டுக்கும் றோட்டில் அடித்தது. முன்னால் போன ஃபாதர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார்.

வேலியில் கிடந்த நைலோன் வலைக் கயிற்றை எடுத்து அடியையும் காலையும் சேர்த்துக் கட்டினார். அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கோழி போல ஓடினேன். அல்லைப்பிட்டிக்குக் கிட்ட இடது அடியும் போய்விட்டது. வெறும் மேஸோடு கல்றோட்டில் நின்றபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தடித்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக லைபிறறிக்குப் போய்க்கொண்டிருந்தன.

அப்போது பின்னாலிருந்து ஸ்கூட்டியில் என் மனைவி வந்து நின்றாள். கையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே சேற்று நிறச் சப்பாத்து.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் போன பிறகு அலுமாரியைத் திறந்தனான். தட்டு முழுக்க வெள்ளைத் தூள். மாத்துங்கோ கெதியா. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்காதேங்கோ."

மாற்றினேன். கால் வீட்டுக்கு வந்தது போல இருந்தது. பண்ணைப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளியது. எனக்குப் பின்னால் அம்புலன்ஸ் மட்டும் வந்தது. அதுவும் இடைக்கிடை நின்று நின்று வந்தது. முடிவிடத்தில் பதாகையைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேர் அதைக் கையால் தூக்கிப் பிடித்தார்கள். கீழே குனிந்து ஓடி முடித்தேன். கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். தங்கச்சிக்கு, நீ அனுப்பிய சப்பாத்து கடைசிவரைக்கும் என்னோடு இருந்தது என்று செய்தி அனுப்பினேன். பொய்யில்லை. அதன் மேல்பாகம் என்னோடு ஸ்கூட்டியில்தான் வீடு வந்தது.

ஆனால் எனக்குள் வேறொன்று ஊறிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் பேசாமல் இருந்திருந்தாலே வென்றிருப்பாள். அறை அவளுக்கு, விறாந்தை அவளுக்கு. அப்படியிருந்தும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அல்லைப்பிட்டி வரைக்கும் வந்திருக்கிறாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவளுடைய மனதை நான் சரியாக வாசிக்கவில்லையே என்று நெகிழ்ந்துபோனேன். ஒரு கிழமை கேட்காமலே தேங்காய் துருவிக் கொடுத்தேன். அவள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள்.

அந்தக் கிழமை முடிய, இரவல் எடுத்த புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊர் லைபிறறிக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை என் மனைவிக்குப் பழக்கமானவள். வெற்றி பெற்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"கேள்விப்பட்டிருப்பீர். நான் ஓடி முடிச்சிட்டன். குறை நினைக்கக்கூடாது, என்ர புத்தகங்கள் இனி இஞ்ச வராது."

அவள் திகதி முத்திரையைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அதைப் போன மாசமே அக்காவுக்குச் சொல்லிப்போட்டன் அண்ணை. உந்தப் பழசுகளை வைக்க எங்களிட்ட இடமில்லை. நீங்கள் ஓடாமலே இருந்திருக்கலாம்."