ஓட்டுவது என் மகள் இல்லை

என் மகள் துணை விமானியாக வேலைக்குச் சேர்ந்தபோது நான் சொன்ன புத்திமதி இதுதான்: "பாப்பா, கேப்டன் மூத்தவரு. அவரு தப்பே பண்ணாலும் நீ வாயத் தொறக்காத. சரிங்க சார்னுட்டுப் போயிரு."

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் என் தறிக்கூடத்தில் இந்த விதிதான் நடப்பில் இருக்கிறது. அங்கே மூத்தவன் நான். ஆகவே விதி பிரமாதமாக வேலை செய்கிறது. அவள் துணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில், அவள் சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் விமானத்தில் நானும் மனைவியும் ஏறினோம். இதற்காகவே ரயில் பிடித்துச் சென்னை போயிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாப் பெட்டி என் மடியில் இருந்தது, கேப்டனுக்காக. பிள்ளை புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் மேலதிகாரியை இனிப்போடு போய்ப் பார்த்துவிட்டு வருவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்.

"எம்மகதான் ஓட்டுதா" என்று பக்கத்து வரிசையில் சொன்னேன். பின் வரிசையில் சொன்னேன். தண்ணீர் கொடுத்த பணிப்பெண்ணிடமும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியுமாம்.

"செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் மனைவி. "பிளேன் சத்தத்தவிட உங்க சத்தம் பெருசா இருக்கு."

மதுரை வந்தது. கண்மாயும் தென்னைகளும் பெரிதாகத் தெரிந்தன. இதோ தரை என்று நினைத்த நேரம் எஞ்சின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே பாய்ந்தது. என் வயிறு மட்டும் மதுரையிலேயே இறங்கிக்கொண்டது.

பின் வரிசைக்காரர் என்னைப் பார்த்தார். விமானமே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பெல்ட்டோடு எழப் பார்த்து, முழுத் தொண்டையில் கத்தினேன்: "ஓட்டுதது எம்மக இல்ல! கேப்டன்! கேப்டன்தான் ஓட்டுதாரு!"

"அப்ப செத்த முன்ன வரைக்கும் ஓட்டுனது யாரு?" என்றார் பின் வரிசைக்காரர்.

உயிர் போகிறது என்று நினைத்த நேரத்தில் நான் சாமியைக் கூப்பிடவில்லை. மனைவியின் கையைப் பிடிக்கவில்லை. பழியை யார் தலையில் போடலாம் என்று பார்த்திருக்கிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. என் மகளின் குரல். நடுக்கமே இல்லை. சொன்னபடி பதமாக இறங்கினோம்.

கதவருகே நரைத்த மீசையோடு கேப்டன், பக்கத்தில் சீருடையில் மகள். பின் வரிசைக்காரர் என்னை முந்திக்கொண்டு போய், "சார், ஓட்டுனது நீங்கதான்னு இவரு காட்டிக் குடுத்துட்டாரு" என்று என்னைக் கைகாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கேப்டன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டினது நான்தான் சார். நீங்க சொன்னது சரி."

குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகப் போனதுதான் இன்னும் கேவலம். மகளே என்னிடம் அவரைப் பற்றி ஏதோ குறை சொல்லி வைத்திருக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டால்? அவளுக்குக் காது சிவந்திருந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல் பால்கோவாவை நீட்டினேன்.

"டியூட்டில வாங்கக் கூடாது சார்" என்றாள். "படி பாத்து எறங்குங்க."

சார் என்றாள். பெற்ற அப்பனை.

ஊருக்குத் திரும்பும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றிருந்தபோது அவள் போன் வந்தது.

"கேப்டன் கோவிச்சுக்கிட்டாரா பாப்பா?"

"எறங்குதப்ப வேகம் கூடுதலா இருந்துச்சுப்பா. மேல போயிருவோம்னு சொன்னதே நான்தான். ரெண்டு பேர்ல யாரு சொன்னாலும் மறுபேச்சு இல்லாம மேல போயிரணும், காரணமெல்லாம் தரைக்கு வந்துதான். அவரும் போயிட்டாரு. கீழ வந்து, சரியாச் சொன்னம்மான்னாரு." பிறகு கேட்டாள்: "நீங்க சொன்னபடி வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவர்ட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள்.

"நீ எதுக்குக் கேக்கணும்?"

"உங்களுக்காக. அவரு சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல."

பெட்டியைப் பிரித்தேன். சென்னை வரை போய்விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பி வந்த பால்கோவா. பக்கத்து சீட்டுக்காரருக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.

"என்னண்ணே விசேஷம்?"

"மகளுக்கு வேலை கெடச்சிருக்கு."

"நல்லது. என்ன வேலை?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏர்போர்ட் பக்கம்" என்றேன்.