பிணவழித் தீர்ப்பின் நகல்

கோர்ட்டில் ஒரு பழைய காகிதத்தைத் தேடி எடுப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் ஒரு தடவையும் தேடிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நான் ஏழு மாதம் தேடினேன். யுத்த காலம். கரியில் ஓடுகிற பஸ், மேட்டைக் கண்டால் நின்றுவிடும். இறங்கித் தள்ளிவிட்டு ஏறினால் வேட்டி கறுத்திருக்கும். அந்த வேட்டியோடுதான் கோர்ட்டு வராந்தாவில் நிற்க வேண்டும். இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கால்தான் வலிக்கிறது.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டிலிருந்து மேற்கே நடை தூரம். ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ளவர்கள். இந்தப் பக்கம் நாங்கள், அவர்கள் நிலத்தில் கூலிக்கு இறங்குகிறவர்கள். எங்கள் தெருவில் யாராவது செத்தால் புதைக்கிற இடம் அரை மைல் தள்ளி இருந்தது. அங்கே போக ஒரே வழி, ஒரு நிலக்காரருடைய புன்செய்க் கொல்லை ஓரமாகப் போயிற்று. பாடை தூக்கும் நாலு பேர் நடக்கிற அகலம்தான். பிணவழி என்று பெயர். சாவு விழுந்தாலொழிய அதில் யாரும் கால் வைக்க மாட்டோம். பிணம் போகிற வழியில் சும்மா நடந்தால் ஆகாது என்பது எங்கள் தெருவின் வழக்கம். அதனால் சாவுக்கும் சாவுக்கும் நடுவில் வழி புல் மண்டிக் கிடக்கும்.

அந்த வருஷம் ஆடி மாசம் நிலக்காரர் புல்லோடு சேர்த்து வழியையும் உழுது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். இரண்டு முனையிலும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார். இனிப் பிணத்தை ஓடைக்குள் இறங்கித்தான் கொண்டுபோக வேண்டும். கேட்கப் போனோம். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்க பத்திரத்துல வழின்னு ஒண்ணும் இல்லியே. கோர்ட்டுத் தீர்ப்பு இருக்குது, தீர்ப்பு இருக்குதுன்னு உங்க தெருவுல சொல்லிக்கினு இருக்கீங்க. அந்தக் காகிதத்தக் கொண்டாந்து காட்டு. அன்னிக்கே விட்டுர்றேன்" என்றார்.

தீர்ப்பு இருந்தது. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன், ஆனந்த வருஷத்தில் இதே வழிக்காக என் அப்பா கேஸ் போட்டு ஜெயித்தார் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். இந்த நிலக்காரருடைய அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுத்தவர் என்று என் அப்பாவுக்குத் தனி மரியாதை. எனக்குப் பெண் கொடுத்ததே, கேஸ் ஜெயித்த வீடு என்றுதான். ஆனால் காகிதத்தைக் கூரையில் செருகி வைத்திருந்தார்கள். ஒரு கோடையில் தெருவே தீப்பிடித்து எரிந்தபோது அதுவும் போயிற்று.

அப்பாவுக்கு அப்போதே கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். முள் போட்ட செய்தி கேட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"காகிதத்த எட்த்துக்கினு வந்துடுடா. என்னிய ஓடைத் தண்ணில தூக்கிக்கினு போவாதீங்க. நான் வாங்குன வழி அது" என்றார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே வாத்தியாராக இருந்தேன். தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன். வேறு யார் போவது?

முதலில் விழுப்புரம் போனேன். எங்கள் ஊர் வழக்குகள் அங்கேதான் நடந்தன. இரண்டு தடவை போன பிறகு தெரிந்தது, அப்பா காலத்தில் எங்கள் ஊர் திண்டிவனம் முன்சீப் கோர்ட்டைச் சேர்ந்தது, அந்தக் காலத்து வழக்குக் கட்டுகள் அங்கேதான் இருக்கும் என்று. வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஆமாண்டா, திண்டிவனந்தான். நான் சொல்லலியா?" என்றார் அப்பா. சொல்லவில்லை.

திண்டிவனம் கோர்ட்டில் பழைய கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா ஒருவர் இருந்தார். தூசிக்காக மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மனிதர். நல்லவர். நல்லவர்களால் சட்டத்தைக் குறைக்க முடியாதே. வழக்கு நம்பர் தெரிந்தால் நகல் மனு போடலாம் என்றார். தெரியாவிட்டால் தேடச் சொல்லி மனு போட வேண்டும். ஒரு மனுவுக்கு ஒரு வருஷம், ஒரு பெயர். பதிவேட்டில் அகராதி வரிசையாக இருப்பது வாதியின் பெயர் மட்டும்தான்; பிரதிவாதிகள் அதே வரியில் எதிர்ப்பக்கம் இருப்பார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் தேட முடியும்.

"என்ன வருஷம்?"

"ஆனந்த வருஷம்."

"அதெல்லாம் பஞ்சாங்கத்துக்கு. எனக்கு இங்கிலீஷ் வருஷம் சொல்லுங்க, வாத்தியாரே."

ஆனந்த வருஷம் ஒரு இங்கிலீஷ் வருஷத்தின் சித்திரையில் தொடங்கி அடுத்ததின் பங்குனியில் முடிகிறது. ஆகவே இரண்டு மனு. இரண்டிலும் அப்பா பெயர் இல்லை. அதற்குள் ஆவணி முடிந்துவிட்டது. பிறகு குமாஸ்தாவே சொன்னார்: "தீர்ப்பு ஆன வருஷத்துல பாக்கக்கூடாதுங்க. கேஸ் தாக்கலான வருஷத்துல இருக்கும். முன்னாடி ரெண்டு, மூணு வருஷம் பாருங்க." முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானும் முதல் நாளே கேட்டிருக்கலாம்.

அப்புறம் முன்வருஷம், அதற்கு முன்வருஷம் என்று மனு மேல் மனு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போடப் போக வேண்டும், ஒரு நாள் பதில் பார்க்கப் போக வேண்டும். பதிலைப் பலகையில் ஒட்டுவார்கள். அது மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரை வேப்பமரத்தடியில், மனைவி கட்டிக்கொடுத்த கேப்பை அடையைத் தின்றுவிட்டு, மனு எழுதுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பலகையில் என் மனு நம்பருக்கு நேரே ஒரே வார்த்தை: இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு எடுத்து லீவு எடுத்து, மேலே இருந்த பாதிரியாருக்கு என் முகமே கசந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மனைவி, "இன்னிக்கும் இல்லியா? கோர்ட்டுலயே ஒரு பாய் போட்டுக்குங்க, பஸ்ஸு மிச்சம்" என்பாள். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார்.

புரட்டாசியில் ஒருநாள் சலித்துப் போய் நானே அவரைக் கேட்டேன்.

"கேஸ் போட்டது நீதானே? உன் பேர்லதானே போட்டாங்க?"

"பின்ன யாரு போட்டாங்க?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் என் அத்தை செத்தாள். அப்பாவின் தங்கை. இரண்டு வீடு தள்ளி இருந்தாள். என்னை வளர்த்ததில் பாதி அவள்தான். அடைமழை. ஓடை இரு கரையும் தொட்டு ஓடியது. நிலக்காரரிடம் இந்த ஒரு தடவை விடச் சொல்லி ஆள் அனுப்பினோம். காகிதம் எங்கே என்று கேட்டாராம். ஓடையிலேயே இறங்கினோம். முன்னால் வலது பக்கம் நான் தூக்கினேன். நடு ஓடையில் மார்பு வரை தண்ணீர். பின்னால் ஒருவனுக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. கட்டியிருந்த கயிறு இறுக்கமாக இருந்ததால் அத்தை போகவில்லை. ஆனால் முகம் தண்ணீருக்குள் போய் வந்தது. செத்தவளுக்கு மூச்சு முட்டுமே என்று நான் பதறினேன், பைத்தியக்காரன். அப்பா கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். அவரைத் தூக்கி வந்து உட்கார வைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் ஈரத் துணியோடு அவர் முன்னால் போய் நின்று மறுபடியும் கேட்டேன். "யோசிச்சுச் சொல்லு. உன் பேரா, வேற யார் பேராவதா?" அவர் வாயைத் திறந்தார். தெருவார் நாலு பேர் கூட இருந்தார்கள். அவர்களை ஒரு தடவை பார்த்தார். "நான்தான்" என்றார்.

கார்த்திகையும் மார்கழியும் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. போனேன், வந்தேன். தை பிறந்து ஒருநாள் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலத்துல உங்க தெரு ஆளுங்க நிலக்காரர் மேல கேஸ் போட்டிருப்பாங்களா? அவர் போட்டு, உங்க அப்பா எதிர்த்து நின்னிருக்கலாமில்ல? அவர் பேரைச் சொல்லுங்க."

நிலக்காரருடைய அப்பா பெயரைச் சொன்னேன். மனுகூடக் கேட்கவில்லை அவர். பதிவேட்டைப் புரட்டி, விரலை ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். அப்புறம் மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்தார். "ரெண்டு பேருக்கும் முதல் எழுத்து ஒண்ணு. இந்தப் பக்கத்தை மூணாவது மனுவுக்கே பார்த்திருக்கேனே, வாதி பேரை மட்டும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது மனு புரட்டாசியில் போட்டது. அத்தை ஐப்பசியில் செத்தாள்.

நம்பர் கிடைத்த பிறகு எல்லாம் சுலபம். நகல் மனு போட்டேன். பலகையில் பெயர் வந்த அன்று நகல் எழுதும் முத்திரைக் காகிதம் வாங்கிக் கொடுத்தேன். பத்து நாளில் நகல் என் கையில் இருந்தது. நாலு பக்க இங்கிலீஷ். வாதி, நிலக்காரருடைய அப்பா. தன் கொல்லையில் யாரும் நடக்கக்கூடாது என்று தடை கேட்டிருந்தார். பிரதிவாதிகள், எங்கள் தெருவார் ஆறு பேர். என் அப்பா நாலாவது. நெடுங்கால வழக்கத்தால் வழி இவர்களுக்கு உரியது, ஆகவே வழக்குத் தள்ளுபடி. ஜெயித்தது உண்மைதான். போட்டதுதான் பொய். பஸ்ஸில் அதைப் படித்தேன். சந்தோஷம் வரவில்லை. எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தை இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை கூசுகிறது.

நேராகப் போய் அவர் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

"நாலாம் பிரதிவாதி" என்றேன். "ரெண்டு தடவை கேட்டேனே. சொல்லியிருந்தா அத்தை தண்ணில போயிருப்பாளா?"

அப்பா மல்லாந்து படுத்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மூணு நாளு பேரு வெச்சிக் கூப்ட்டாங்கடா, டவாலி போட்டவன். ஊரே வேடிக்கை பாக்குது. கூண்டுல ஏத்தி நிக்க வெச்சாங்க. திருடனை நிக்க வெக்கிற எடம். ஜெயிச்சிட்டு வந்தப்ப, நீ போட்ட கேசான்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம் இல்லன்னு எப்டிச் சொல்றது? உன் அத்தைகூட அண்ணன் கேசு போட்டாருன்னுதான் சொல்லிக்கினு இருந்தா."

அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கோபம் போகவில்லை.

மறுநாள் நிலக்காரரிடம் நகலைக் காட்டினேன். இங்கிலீஷ் தெரிந்த உறவுக்காரரை வைத்துப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு மடித்துக் கொடுத்தார். தம் அப்பா போட்டுத் தோற்ற கேஸ் என்பதை வெளியே சொல்ல அவருக்கும் வாயில்லை. அன்றைக்கே முள்ளை எடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதைச் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் தெரு கூடியது. காகிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். அப்பாவைத் தூக்கி வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பெயர்கள் இருந்த இடம் வந்தது. அத்தையின் மகன் எதிரே உட்கார்ந்திருந்தான். அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பாயின் கோரையை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தார். எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது.

"வாதி" என்று சொல்லி அப்பாவின் பெயரைப் படித்தேன்.

மூன்று மாதம் கழித்து அப்பா அந்த வழியாகத்தான் போனார். கால் ஈரமாகவில்லை யாருக்கும். கேஸ் போட்டவர் போகிறார் என்று ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து நின்றார்கள்.

நகலைப் பெட்டியில் வைத்திருந்தேன். போன மழைக்குத் திறந்தால் செல்லரித்து மண்ணாகக் கிடந்தது. வழியில் மறுபடியும் புல் முளைத்திருக்கிறது. இன்னொரு தடவை யாராவது உழுதால், இன்னொருவர் திண்டிவனம் போக வேண்டியிருக்கும். என் கால் இனி அவ்வளவு தூரம் வராது. போகிறவர் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் அப்பா பெயரைத்தான் வாதி என்று சொல்வார்கள். நான்தானே அப்படிப் படித்துக் காட்டினேன். அதை நம்பிப் போகாதீர்கள். நிலக்காரருடைய அப்பா பெயரில் தேடுங்கள். என் அப்பா அதே வரியில் எதிர்ப்பக்கம், நாலாவதாக இருக்கிறார்.